தேத்தண்ணி வடியும் எங்கள் வீட்டு லைனும்

“…கழட்டிக்கொண்டு போகச் சொல்லு பிள்ளை. முந்தி எப்பிடி இருந்ததோ அப்பிடியே இருக்கட்டும் எண்டு சொல்லு. பழுதெண்டால் பழுதாவே கிடக்கட்டும், எங்கடை வீட்டுப் பழுதுதானே. விளங்குதே? வடிவாச் சொல்லு.”

அம்மா இப்படிச் சொன்னபோது, தொலைபேசிக் கொம்பனி ஆள் எங்கள் வீட்டு முன்ஹோலில், சப்பாத்து அடுக்கும் ராக்கைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, லைன் திருத்துகிற தன் ஆயுதப் பையை மூடிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் வரும்போது சப்பாத்துக்கு மேலே நீல நிற உறை மாட்டிக்கொண்டு வந்த மரியாதைக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு டேனிஷ் தெரியாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. ஆகவே இருவருக்கும் நடுவில் நான் நின்றேன். பல் வைத்தியர், பள்ளிக்கூடக் கடிதம், வங்கி என்று எல்லா டேனிஷும் அந்தக் காலத்தில் என் வாய்வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்துபோனது. எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த மனிதரை வரவழைத்தவளும் நான்தான். அது அம்மாவுக்குத் தெரியாது என்பது என்னுடைய சொந்த நம்பிக்கை.

ஏன் வரவழைத்தேன் என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

எஸ்பியர்க்கில் எங்கள் வீடு நகரத்தின் கடைசி வீதியில் இருந்தது. அதற்கு அப்பால் வயலும் காற்றாலைகளும்தான். இன்டர்நெட் லைன் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது களைத்துப்போய்த்தான் வரும். அப்பா ஊரில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் கமம் செய்தவர். “கடைவாய்க்கால் காணி கண்டியோ,” என்பார். “மேல்காணிக்காரர் எல்லாரும் குடிச்சு முடிச்சு, மிச்சம் சொட்டுறதுதான் எங்களுக்கு.”

அந்தச் சொட்டுத் தண்ணீருக்கு வீட்டில் இரண்டு பயிர் இருந்தது. ஒன்று அப்பாவின் கொம்பியூட்டர். ஊரில் சண்டை முடிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவின் கூட்டாளிகள் நாலைந்து பேர் வந்து அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பார்கள். ஒரு செய்திப்படம் ஓடும், நிற்கும், நடுவில் ஒரு வட்டம் சுற்றும், எல்லாரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு மூச்சுப் பிடித்திருப்பார்கள்.

மற்றது என் கார் ஓட்டம். வகுப்பில் நாலு பேர் சேர்ந்து ஒரு ரீம். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அவரவர் வீட்டில் இருந்துகொண்டு, ரீவியோடு பொருத்திய விளையாட்டுப் பெட்டியில், காதில் ஹெட்செட் மாட்டி, வேறு பள்ளிக்கூட ரீம்களோடு ஓடுவோம். மூன்று பேர் டேனிஷ் பொடியன்கள். நாலாவது நான். வளைவுகளில் என்னை வெல்ல அவர்களில் ஒருவராலும் முடியாது. நேர் வீதியில் என் கார் திடீரென்று நின்றுபோகும். படம் உறைந்துவிடும். ஐந்து விநாடி கழித்து உயிர் வந்து பார்த்தால் நான் மதில்மேல் கிடப்பேன்.

“உன்ரை இன்டர்நெட் என்ன கறியிலையே ஓடுது?” என்று கேட்டான் எங்கள் ரீம் தலைவன் யோனாஸ். டேனிஷில் கேட்டதுதான், அவன் வாய்க்கு யாழ்ப்பாணத் தமிழ்தான் பொருத்தம் என்பதால் அப்படியே எழுதுகிறேன். “இல்லை, உங்கடை வீட்டிலை லைன் ஓடுது, எங்கடை வீட்டிலை நான் ஓடுறன்,” என்று நானும் கொடுத்தேன். வாய்க்குக் குறைவில்லை. லைனுக்குத்தான் குறைவு.

இந்த இரண்டு பயிரையும் ஒரேயடியாய் வாடவைக்கிற மூன்றாவது ஒன்றும் இருந்தது. தொலைபேசி மணி. அது அடித்தால் இன்டர்நெட் விழுந்துவிடும். ஏன் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அடித்து ஓய்ந்து, பெட்டியில் பச்சை விளக்கு திரும்ப எரிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். பனையாலை விழுந்தவனை மாடேறி மிதிச்ச கதை என்று அப்பா சொல்வது அதற்குத்தான்.

ஆனால் அந்தத் தொலைபேசியை ஒருவரும் குறை சொல்லக்கூடாது. அம்மாவின் கடைசித் தம்பி, என் சின்ன மாமா, சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தார். அங்கே யாரோ வைத்திருந்த ஒரு செய்மதித் தொலைபேசிக்கு முன்னால் சனம் வரிசையில் நிற்குமாம். எடுத்துக் கதைத்தால்தான் காசு. ஆகவே மாமாவும் அம்மாவும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். இரண்டு தரம் அடித்து நின்றால், சுகம். எடுக்கக் கூடாது. மூன்றாம் தரமும் அடித்தால்தான் ஏதோ விஷயம், எடுக்க வேண்டும். அங்கே இரவாகும்போது எங்களுக்குப் பின்னேரம். மாமா அடிப்பதும் அநேகமாக ஞாயிற்றுக்கிழமை, என் ஓட்டத்துக்கு நடுவில்தான். இரண்டு மணி கேட்டால் அம்மா, “ஆ, சரி,” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பவும் மீனுக்குப் புளி கரைக்கப் போவார். என் கார் மதிலில் கிடக்கும்.

சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறு. சண்டையை நிறுத்தச் சொல்லிக் கேட்கிற ஊர்வலத்துக்கு அப்பா கோப்பன்ஹேகன் போய்விட்டார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். என் கார் உறைந்தது. லைன் விழுந்துவிட்டது என்று ரீவியில் எழுத்து வந்தது. கொஞ்ச நேரத்தில் எழும்பியது. திரும்ப விழுந்தது. “ஐயோ, போன் அடிக்குது!” என்று கத்தினேன்.

அம்மா குசினியில் இருந்து ஓடி வந்தார். “அடிக்கேல்லையே. நான் பக்கத்திலைதானே நிக்கிறன். ரெண்டு தரம் டிக் எண்டது, அவ்வளவுதான்.”

“அப்ப ஏன் என்ரை லைன் ரெண்டு தரம் விழுந்தது?”

அம்மா தொலைபேசியைப் பார்த்தார். ரீவியைப் பார்த்தார். பிறகு அந்த ‘ஆ, சரி’யைச் சொன்னார், மிகவும் மெதுவாக.

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு மணியும் இல்லை, டிக்கும் இல்லை. வைகாசி நடுவில் எல்லாம் முடிந்தது என்றார்கள். எங்கள் வீட்டில் ஆட்கள் நிறைந்தார்கள். ஒருவரும் உரத்துக் கதைக்கவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் யாரோ இடைக்கிடை பிஸ்கட் நீட்டினார்கள்.

மாத முடிவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு செய்தி வந்தது. மாமாவோடு அன்று வரிசையில் நின்ற ஒருவர் முகாமுக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து தன் சொந்தக்காரருக்குச் சொல்லி, அது கைமாறி எங்களிடம் வந்தது. அந்தச் சித்திரை ஞாயிறு மாமா எங்கள் நம்பருக்கு இரண்டு தரம் முயன்றாராம். இரண்டு தரமும் மணிச்சத்தம் கேட்க முதலே அறுந்துபோனதாம். அதற்குப் பிறகு மாமாவை அவர் காணவில்லையாம்.

அப்பாவின் கூட்டாளிகளில் மூத்தவர் ஒருவர், ஊரில் படிப்பித்தவர், எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். கடைசி வசனத்தை அவர் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, இனி நாங்கள் மனதைத் தேற்றத்தான் வேணும். ஒரு படத்தை வைச்சு விளக்கைக் கொளுத்தினால் அந்த ஆத்மாவுக்கும் ஒரு…”

“மாஸ்டர் அண்ணை, உங்கடை வாயாலை ஒருத்தரையும் சாகடிக்க வேண்டாம். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”

அப்பா குறுக்கிட்டார். “இஞ்சரும், அவர் நல்லதுக்குத்தானே சொல்லுறார். தலைக்கு மேலை வெள்ளம் போட்டுது. இனிச் சாண் என்ன, முழம் என்ன?”

“உங்களுக்குத் தலைக்கு மேலை போயிருக்கும். எனக்கு இன்னும் கழுத்தளவிலைதான் நிக்குது,” என்றார் அம்மா. அந்த ஹோலில் ஆறு ஆம்பிளைகள் இருந்தார்கள். ஆறு பேரும் தேத்தண்ணியைக் குடித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்துதான் என் வாழ்க்கையில் ஓர் அதிசயம் நடந்தது. பின்னேரம் நாலு மணிக்கு அம்மா அப்பாவின் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று சொன்னார்: “நாலு மணிக்கு இதிலை ஒருத்தரும் கைவைக்கப்படாது. உங்கடை படம் ஓடினால் பிள்ளையின்ரை கார் சும்மா சும்மா நிக்குது. பிள்ளை ஓடவேணும்.”

“நாடே போட்டுது, இவவுக்குக் கார் ஓட்டம்!” என்றார் அப்பா.

“ஓம். ஓடட்டும்.”

மாஸ்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதிரைகள் குசினிக்குப் போயின. நான் ராணியைப் போல ரீவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அதுவரைக்கும் என் விளையாட்டைத் ‘தலையிடிப் பெட்டி’ என்று சொன்ன அம்மா, வெங்காயமும் கத்தியும் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். வெங்காயத்தைப் பார்க்காமலே உரித்தார். கண் முழுக்க ரீவியில். வேலை நாளிலும் அப்படித்தான். மீன் தொழிற்சாலையில் இருந்து வந்ததும் வராததுமாய், “இண்டைக்கு ஓடேல்லையே? ஓடு பிள்ளை,” என்பார். கணக்குப் பாடம் இருக்கிறது என்றால், “அதைப் பிறகு செய்யலாம்,” என்பார். உலகத்தில் எந்தத் தமிழ்த் தாயாவது அப்படிச் சொல்லியிருப்பாளா! நான் வகுப்பில் மார்தட்டினேன். என் அம்மாதான் என் முதல் ரசிகை என்று யோனாசுக்கே சொன்னேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கைதட்ட ஆளில்லாத வீட்டில் எனக்கு அது பெரிய கைதட்டல்.

ஒன்றுமட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நான் முந்திப் போகும்போது அம்மாவின் முகத்தில் ஒன்றுமே தெரியாது. கார் உறைந்து லைன் விழுந்தால்தான் எழும்பி நிற்பார். வெங்காயம் மடியில் இருந்து உருளும். ஓடிப்போய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்று, வாய்க்குள் எண்ணுவார். மூன்றாவது மணி அடிக்கும், நாலாவது அடிக்கும். எடுத்தால் மாஸ்டராக இருக்கும், இல்லாவிட்டால் கடன் அட்டை விற்கிற ஆளாக இருக்கும். திரும்பி வந்து இருப்பார். “ஓடு,” என்பார்.

ஆனி மாதம் எங்கள் ரீம் கடைசி ஓட்டத்துக்குத் தெரிவானது. யோனாஸ் பள்ளிக்கூட சைக்கிள் நிறுத்தத்தில் என்னை மறித்தான்.

“ஞாயிறு நீ ஒருக்கா நிண்டால் எங்களுக்கு எல்லாம் போச்சு. உன்ரை இடத்திலை என்ரை மச்சானைப் போடப்போறன். அவன் உன்னளவுக்கு ஓடமாட்டான். ஆனால் நிக்கமாட்டான்.”

அந்தக் கடைசி வசனம் என்னைக் கொன்றது. வீட்டுக்குப் போகிற வழி முழுக்க எதிர்க்காற்று. எஸ்பியர்க் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பிடிவாதம் காலில் இருந்துதான் தொடங்கும் என்று. நான் நிற்கமாட்டேன் என்று மிதித்தேன். வீட்டுக்கு வந்து அதே தொலைபேசியை எடுத்து, குரலைத் தடிப்பாக்கி, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கொம்பனிக்கு முறைப்பாடு கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நீல உறை சப்பாத்துக்காரர் வந்தார். அப்பா வேலையில். அம்மா காலை வேலை முடித்து வந்து, தலைக்கு முழுகி, தலையில் சுற்றிய ஈரத்துவாயோடு நின்றார். அந்த மனிதர் சுவரில் இருந்த மூடியைக் கழற்றினார், கம்பியை அளந்தார், அரைமணித்தியாலம் லைனை நிறுத்திவைத்தார். அந்த அரைமணித்தியாலமும் அம்மா உட்காரவில்லை. “என்னவாம்? எப்ப வருமாம்? இன்னும் எவ்வளவு நேரமாம்?” என்று என்னைத் துளைத்துக்கொண்டே நின்றார்.

கடைசியில் அந்த மனிதர் எழும்பிச் சொன்னார். வேகத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, தூரம் அவ்வளவு. ஆனால் லைன் விழுகிறதே, அது சின்ன விஷயம். தொலைபேசிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பில்டர் இல்லாமல் இத்தனை நாளும் இருந்திருக்கிறீர்கள். பையில் இருந்து தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து மாட்டினார். தன் கைபேசியால் எங்கள் நம்பருக்கு அடித்தார். மணி கணீரென்று கேட்டது. இன்டர்நெட் பெட்டியின் பச்சை விளக்கு அசையவில்லை.

எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: “அம்மா, இது தேத்தண்ணி வடி மாதிரி. போன் சத்தத்தை ஒரு பக்கம், இன்டர்நெட்டை ஒரு பக்கம் வடிச்சு விடும். இனி ஆர் அடிச்சாலும் என்ரை கார் நிக்காது!”

அம்மா ரீவியைப் பார்த்தார். பிறகு அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார்.

“வடிச்சால் ஏதேனும் வடியிலை தங்குமே?”

“என்ன தங்குறது?”

“சின்னனா வாறது. மணி அடியாமல் அரைகுறையா வாறது. அது வடியிலையே நிண்டுபோனால்?”

எனக்கு விளங்கவில்லை. விளங்குகிற அவசரமும் இல்லை. ஞாயிறு நாலு மணிதான் மண்டைக்குள். அப்போதுதான் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னார்: கழட்டிக்கொண்டு போகச் சொல்லு, பழுது பழுதாவே கிடக்கட்டும், வடிவாச் சொல்லு.

நான் வடிவாகச் சொன்னேன். “அம்மா மிகவும் நன்றி சொல்கிறார். தேநீர் குடித்துவிட்டுப் போகவேண்டுமாம்.”

அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. “அப்படியா, குடிக்கலாமே!” என்று நிமிர்ந்தார்.

அம்மா அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார், என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். குசினிக்குப் போனார். கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். தேத்தண்ணியும் ஒரு தட்டில், வாழைப்பழம் பிசைந்து பொரித்த நாலு வாய்ப்பனும் வந்தது. வீட்டுக்கு வந்தவருக்குத் தருகிறோம் என்று சொன்னபிறகு, பொய்யாகச் சொல்லியிருந்தாலும், தராமல் விடுகிற வழக்கம் அம்மாவிடம் இல்லை. அந்த மனிதர் வாய்ப்பன் இரண்டு சாப்பிட்டு, மூன்றாவதை நோக்கிக் கை நீட்டும்போது அம்மா வாயைத் திறந்தார். டேனிஷில்.

அது புத்தக டேனிஷ் இல்லை. மீன் வெட்டுகிற இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்திப் பழகிய டேனிஷ். ‘தயவுசெய்து’ என்ற சொல்லே அதில் இல்லை.

“அது பழுது இல்லை. போன் அடிக்க அது நிக்கவேணும். எனக்கு அது வேணும்.”

வாய்ப்பன் அந்தரத்தில் நின்றது. “ஆனால் உங்கள் வீட்டில் இருந்துதானே முறைப்பாடு வந்தது?” என்று கேட்டார் அவர். என்னைப் பார்த்தார். நான் அவருடைய நீல உறையைப் பார்த்தேன்.

“தெரியும்,” என்றார் அம்மா. “பக்கத்து அறையிலைதான் நிண்டனான். என்ரை மனுசன் அப்பிடிக் கதைக்கிறேல்லை.”

அந்த மனிதர் பெரிதாகச் சிரித்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “கம்பிதான் எங்களுடையது, வீடு உங்களுடையது,” என்றார். வெள்ளைப் பெட்டி உங்களிடமே இருக்கட்டும், மனம் மாறினால் மாட்டுங்கள் என்றார். தேத்தண்ணியை ஒரே மடக்கில் முடித்து, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். ஏச்சு விழவில்லை. அம்மா முன்ஹோலில் குந்தி, அந்த வெள்ளைப் பெட்டியைக் கழற்றி, தொலைபேசி வயரை முன்போலவே நேராகச் சுவரில் குத்தினார். பெட்டியைச் சப்பாத்து ராக்கையின்மேல் வைத்தார்.

“ஓடு பிள்ளை. அரைமணித்தியாலம் சும்மா போட்டுது.”

“மாட்டன்.”

“ஓடு.”

“மாட்டன்! இனி எண்டைக்கும் ஓடமாட்டன். என்னை ரீமிலை இருந்து கலைக்கப்போறாங்கள். உங்களாலைதான். போங்கோ!”

சோபாவில் ஏறி, கைகட்டி, சுவரைப் பார்த்து இருந்தேன். பிடிவாதத்தில் நானும் அவர் பெற்ற பிள்ளைதான். யார் முதலில் இறங்குவது என்று பார்ப்போம் என்றிருந்தேன். பொய் சொன்னதற்கு இது தண்டனை என்று அன்றைக்கு முழுதாக நம்பினேன்.

அம்மா கெஞ்சவில்லை. ரீவியைப் போட்டார். விளையாட்டுப் பெட்டியை, எந்தப் பொத்தான் என்று ஒருவரிடமும் கேட்காமல் போட்டார். பச்சை விளக்கு வரும்வரை நின்று பார்த்தார். பிறகு என் கொன்ட்ரோலரை இரண்டு கையாலும், சுளகு பிடிக்கிற மாதிரி எடுத்து, தன்னுடைய கதிரையில் இருந்து, வேகப் பொத்தானை அழுத்தினார். கார் கிளம்பியது. நேரே போய் முதல் வளைவில் மதிலில் முட்டியது. திருப்பத் தெரியவில்லை. சில்லுகள் சுற்றின, புகை கிளம்பியது, பின்னால் வந்த கார்கள் விலகிக்கொண்டு போயின. நிலத்தில் கிடந்த என் ஹெட்செட்டுக்குள் இருந்து யாரோ ஒரு பொடியன் டேனிஷில் ஏசினான். எனக்கு அந்தக் கோபத்துக்குள்ளும் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு ஓடத் தெரியாது என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்கு விளங்கியது.

அம்மா விரலை எடுக்கவில்லை. கார் மதிலில் முட்டியபடியே இரைந்தது. கண்ணை இமைக்காமல், படம் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டு, ஓடிக்கொண்டே இருந்தார்.